பதினொரு மணி மீன்

அம்பாங்கிலேயே பசார் இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் ஆயா வாரம் ஒருமுறை என்னை இழுத்துக்கொண்டு லென் செங் பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போவார். "பஸ் காசு தண்டம்" என்று அம்மா முனகினால், "இங்க விக்கிறவன் அங்க வாங்கித்தானே கொண்டாறான்? நான் நேரா அங்கயே போயிட்டு வாறேன்" என்பார். எழுபதுகளில் எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் அவரிடம் கணக்குப் பேசியதில்லை.

பஸ் லெபோ அம்பாங்கில் நிற்கும். செட்டியார் கிட்டங்கிகளின் வாசல் வழியாக நடந்து, மேடான் பசார் மணிக்கூண்டைத் தாண்டினால் ஆற்றோரமாக அந்தப் பெரிய கட்டடம். எல்லோருக்கும் அது சென்ட்ரல் மார்க்கெட், எங்களுக்குப் 'பெரிய மார்க்கெட்டு'. உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன்பே மீன் வாடையும், வெட்டிய கோழியின் வாடையும், அழுகிய முட்டைக்கோஸ் இலையின் வாடையும் வந்துவிடும். தரையில் எப்போதும் ஈரம். ஜப்பான் சிலிப்பர் போட்டுப் போனால் முதுகெல்லாம் சேறு தெறிக்கும் என்று ஆயா என்னைப் பள்ளிக்கூடச் சப்பாத்து போட வைப்பார். தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் வரிசையாகச் சன்னல்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அவ்வளவு புழுக்கம் இருக்காது.

நாங்கள் போகும் நேரம் காலை பதினொன்று. அதற்கும் காரணம் இருந்தது. மீன் லாரிகள் இரவிலேயே வந்துவிடும். விடியுமுன் மொத்த வியாபாரம், அம்பாங், செராஸ் என்று சுற்று வட்டாரத்துச் சில்லறை வியாபாரிகள் பெட்டி பெட்டியாக அள்ளிப் போவார்கள். விடிந்தபின் வீட்டுக்காரர்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும். பதினொரு மணிக்கு ஐஸ் கரைந்துகொண்டிருக்கும், சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும், மிச்ச மீனை வைத்துக்கொண்டு தவுக்கே என்ன செய்வார்? விலை இறங்கும். அந்த இறக்கத்தில்தான் எங்களைப் போன்ற வீடுகளில் மீன் குழம்பு கொதித்தது.

"ஆச்சி, முரா, முரா!" என்று மீன்காரச் சீனர் கூப்பிடுவார். ஆயா காதில் விழாததுபோல் அடுத்த மேசையில் இருக்கும் இறாலைப் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து கெம்போங் மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்குவார். சிவப்பா, பழுப்பா என்று எனக்கும் காட்டுவார்.

"போலே குராங், தவுக்கே?"

"தா போலே லா, ஆச்சி."

இருபது காசுக்காக இது நீண்டுகொண்டே போகும். முடிவில் தவுக்கே தாச்சிங்கை எடுப்பார். மெல்லிய மரக்கோல், அதில் பித்தளைப் புள்ளிகள், ஒரு முனையில் தொங்கும் தட்டு, கயிற்றில் ஆடும் இரும்புக் குண்டு. கோலைத் தூக்கிப் பிடித்துக் குண்டைப் புள்ளி புள்ளியாக நகர்த்துவார். எல்லோரும் தட்டைப் பார்ப்பார்கள். ஆயா அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பார். கோலின் வாலில் அந்த விரல் மெல்ல விழுந்தால் எடை மாறிவிடும். "ஜாரி, தவுக்கே, ஜாரி" என்பார் சிரிக்காமல். தவுக்கே சிரித்துவிடுவார், ஒரு காத்திக்கு மேல் ஒரு மீனைத் தூக்கிப் போட்டுப் பழைய சீனப் பத்திரிகையில் சுற்றிக் கொடுப்பார். அன்று ஒரு காத்தி என்றால் சுமார் 600 கிராம். கிலோ இன்னும் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை.

வேலை முடிந்தால் எனக்கு ஒரு கோப்பி. காலிப் பால் டின்னில் ஊற்றி, மூடியில் கயிறு கோத்துத் தருவார்கள். பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுபோவது என் பொறுப்பு.

கோலாலம்பூருக்கும் அம்பாங்குக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பின்னால் பள்ளியில்தான் படித்தேன். 1857-இல் 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் போனார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் பெரும்பாலோரைக் கொன்றது. ஆனாலும் சுரங்கம் நிலைத்தது. அதற்குச் சாமான் இறக்கிய ஆற்றுமுகம்தான் கோலாலம்பூர். முதல் சந்தை மேடான் பசாரில் கூடியது, 1888-இல் இப்போதைய இடத்துக்கு மாறியது, 1937-இல் இன்று நாம் பார்க்கும் கட்டடம் எழுந்தது. அம்பாங்காரர்கள் அங்கே பேரம் பேசினால் அதில் கொஞ்சம் பரம்பரை உரிமையும் உண்டு என்பேன்!

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தை இடிக்கும் பேச்சு வந்தது. நகரின் நடுவில், ஆற்றங்கரையில், அவ்வளவு விலையுள்ள மண்ணில் கோழியும் கீரையுமா என்பது மேம்பாட்டாளர்களின் கேள்வி. 1983-இல் தொடங்கிய பாடான் வாரிசான் மலேசியா போன்ற மரபுக் காப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். கட்டடம் தப்பியது. 1986 வாக்கில் வெளிர்நீலச் சாயத்தோடு பசார் செனி என்ற கைவினைச் சந்தையாகத் திறந்தது. அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அங்கே இன்னொரு கண்ணாடிக் கோபுரம் நின்றிருக்கும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் சந்தை தப்பவில்லை. மொத்த வியாபாரம் செலாயாங் பக்கம் போயிற்று. சில்லறைக்காரர்கள் சிதறினார்கள். ஆயாவை ஒரு தீபாவளிக்கு முன் அங்கே அழைத்துப் போனோம். பாத்தேக் கடையின் நடுவே நின்று, வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, "இது கோழி அறுக்கிற எடம்டா!" என்று சத்தமாகச் சொன்னார். அடுத்து ஒரு மரப்பொம்மையின் விலையைக் கேட்டுவிட்டுப் பேரம்கூடப் பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

மலிவு என்பது சுவரில் இல்லை. மேசைக்கு நகரசபை வாங்கிய குறைந்த வாடகை, மொத்தமும் சில்லறையும் ஒரே கூரையில் இருந்தது, பஸ் நடக்கும் தூரத்தில் நின்றது, பதினொரு மணிக்கு விலை இறங்கியது, இவை சேர்ந்துதான் மலிவு. கூரையை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட்டால் பாதியைத்தான் காப்பாற்றினோம். பின்னாளில் இம்பி சந்தைக்கும் இதுவே நடந்தது. அங்கே கூரைகூட மிஞ்சவில்லை. துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிதி மையத்துக்காக 2016-இல் வியாபாரிகள் புடுவில் ஒரு வணிக வளாகத்துக்கு மாறினார்கள். கடை கிடைத்தது, நல்லதுதான். பழைய வாடிக்கையாளர் அங்கே போய்ச்சேர எத்தனை பஸ் மாறவேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் வராத கேள்வி.

ஆகவே அம்பாங்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் வட்டாரத் திட்டத்தை வரையும்போது, 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அந்த வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எழுத்தில் ஆட்சேபமும் கொடுக்கலாம். அடுத்தமுறை வைக்கும்போது போய்ப் பாருங்கள். உங்கள் பசார் இருக்கும் இடத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மீன் மேசைக்கு என்ன வாடகை, பஸ் எங்கே நிற்கும் என்றும் எழுதிக் கேளுங்கள்.