கடலுக்குப் பூட்டு!

ஃபிஜியில் மேலே கோட்டு, டை. கீழே முழங்காலுக்குச் சற்று இறக்கமாக வேட்டி மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று ஆபீஸ் போகிறார்கள். அதற்குப் பெயர் சூலு. பாக்கெட்கூட வைத்துத் தைத்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம். ஆனால் நான் போனது வேறு காரியத்துக்கு. மட்டியைப் பார்க்க. மேனேஜர் நம்மைத் திட்டுகிற மட்டி இல்லை, ஸார். சேற்றில் புதைந்து கிடக்கிற சிப்பி.

விட்டி லெவு என்கிற பெரிய தீவின் கிழக்குக் கரையில், வெராத்தா வட்டாரத்தில், உதுனிவனுவா என்றொரு கிராமம். வெறுங்கையோடு உள்ளே நுழைந்துவிட முடியாது. யங்கோனா என்ற செடியின் காய்ந்த வேரை ஒரு கட்டு வாங்கிப் போய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து, 'வந்திருக்கேன்' என்று அனுமதி கேட்கணும். தலையில் தொப்பி கூடாது. அவர்கள் அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் நீட்டுவார்கள். ஒரு தட்டு கைதட்டி, 'ம்புலா' சொல்லி, ஒரே மடக்கு. பிறகு மூன்று தட்டு. ருசி? மழைக்காலத்து வாய்க்கால் தண்ணீரில் மிளகைக் கரைத்த மாதிரி. நாலாவது சிரட்டைக்கு மேல் நாக்கு இருக்கா, இல்லையா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு எதிரே அலை வற்றினால் பரந்த சேற்றுத்தரை. அதில் கைகோசோ என்ற மட்டி. பெண்கள் கூடையோடு நடந்து போய்க் கையால் தோண்டி எடுப்பார்கள். வீட்டுக்குக் குழம்பு, மிச்சம் சந்தைக்கு. 1990-களின் தொடக்கத்தில் அது சுருங்க ஆரம்பித்தது. குறுக்களவு 5 சென்டிமீட்டரைத் தாண்டிய மட்டி கண்ணில் படுவதே அபூர்வம் என்ற நிலைமை.

சூவாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்தார்கள். நம்ம ஆபீஸ் வழக்கப்படி என்ன நடந்திருக்கணும்? கமிட்டி, ரிப்போர்ட், ரிப்போர்ட்டின் மேல் டீ கிளாஸ் வட்டம். இங்கே ஆணும் பெண்ணுமாக இருபது உள்ளூர்க்காரர்களுக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். சேற்றில் கயிறு பிடித்து, இடைவெளி விட்டு விட்டு, எத்தனை மட்டி, என்ன சைஸ் என்று அவர்களே கணக்கெடுத்தார்கள். பட்டதாரி சொல்லும் எண்ணிக்கையைச் சந்தேகப்படலாம். பக்கத்து வீட்டு அக்கா சேற்றில் முழங்கால் புதைய நின்று எண்ணியதை எப்படிச் சந்தேகப்படுவது?

1997-ல் ஊருக்கு எதிரே 24 ஹெக்டேர், அதாவது சுமார் அறுபது ஏக்கர், மூன்று வருஷத்துக்கு மூடினார்கள். அந்தத் தடைக்குப் பெயர் 'தம்பு'. (தம்பு செட்டி தெருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) புதுச் சட்டம் அல்ல. தலைவர் ஒருவர் இறந்தால் கடலில் ஒரு பகுதியை நூறு நாள்போல மூடி வைப்பது அங்கே பழைய பழக்கம். அந்தப் பழைய வார்த்தைக்குப் பயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்று எனக்குப் படுகிறது. போலீஸ் போர்டு வைத்திருந்தால் ராத்திரியே பிடுங்கி அடுப்பெரித்திருப்பார்கள்.

சுளுவாகச் சொல்லிவிட்டேன். வாசலுக்கு எதிரே இருக்கிற சேறு மூடப்பட்டால், அதுவரை பத்தடியில் குழம்புக்கு எடுத்தவள் இனிமேல் தூரமாக நடக்கணும். கூட்டத்தில் கைதூக்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நடக்கிற கால் பெண்களுடையது.

பலன் வந்தது. 2004-க்குள் மூடிய இடத்தில் மட்டி பதின்மூன்று மடங்கு. வேடிக்கை என்னவென்றால், மூடாத பக்கத்துச் சேற்றிலும் ஐந்து மடங்கு! மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் தண்ணீரோடு மிதந்து போய் எங்கோ உட்காரும். அவற்றுக்கு எல்லைக் கம்பு தெரியாது. 8 சென்டிமீட்டர் மட்டியெல்லாம் சகஜமாகக் கிடைத்தது. மூன்று வருஷத் தடையைக் காலவரையறை இல்லாமல் நீட்டினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களும் கற்றுக்கொண்டு, ஃபிஜி முழுக்க ஒரு கூட்டமைப்பே உருவாகி, 2002-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசையும் வாங்கிவிட்டது.

இது நடந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. கடலின் அடித்தரை சர்க்காருடையது. ஆனால் அங்கே மீன் பிடிக்கும் உரிமை பரம்பரையாக அந்தந்தக் குலத்தாருடையது. இப்படி 400-க்கு மேற்பட்ட பாத்தியதைக் கடல்கள். நம்முடையது என்றால்தானே பூட்டத் தோன்றும்?

அங்கேதான் எனக்கு ஒரு முள். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் ஃபிஜிக்காரர்கள்தான். நாண்டியில் முருகன் கோயில் கட்டியவர்கள். ஆனால் அவர்களுக்கு எந்தக் கடலும் பரம்பரையாக இல்லை. விற்பதற்கு மீன் பிடிக்கணும் என்றால் கடலுக்குரிய குலத்தின் சம்மதம் வேண்டும். அந்த உரிமையை முழுச் சொத்தாகவே மாற்ற 2006-ல் ஒரு மசோதா வந்தது. அந்த டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். மசோதா போயே போச்சு. மட்டியைக் காத்த வேலி சிலரை வெளியே நிறுத்தவும் செய்கிறது. இதற்கு என்னிடம் விடை கிடையாது.

பூட்டு என்றால் சாவியும் உண்டே! வடக்கே கியா என்ற தீவில் மூடி வைத்த பாறைத்திட்டை 2008-ல் நிதி திரட்டுவதற்காகச் சில வாரங்கள் திறந்தார்கள். அள்ளினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் மீன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இந்தக் கதையை உதுனிவனுவாவில், மட்டி கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் சொன்னேன். 'ஐயையோ' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நிறுத்தாமல், "பணம் சேர்ந்துச்சாமா?" என்றார்.

"சேர்ந்துச்சாம்."

"எவ்வளவு?"


"ஆயிரக்கணக்கில் டாலர்" என்றேன். கழுவிய மட்டியைச் சட்டியில் போட்டு மூடினார். "மீனோட கணக்கையும் கூட வெச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பை ஊதப் போனார்.