ஓட்டைக்கு நாலாயிரமா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால், அது கீழ்வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். அப்படி ஒரு சரிவு. போன வருஷம் அதே ரூட்டில் அப்பாவும் போய்விட்டார். பதறாதீர்கள், பாதி தூரம்தான். முழங்காலில் நல்ல அடி.

அதற்குப் பிறகு மனுஷர் வெளியே வரவில்லை. குளிர் ஊரில் காலை வெயில் என்பது பென்ஷன் மாதிரி. ஜன்னல் வழியே விழும் துண்டு வெயிலுக்குப் பின்னாலேயே நாற்காலியை நகர்த்திக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றுவார். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

திண்ணை கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம். விளிம்பில் ஒரு சுவர், உள்ளே மண், மேலே தளம். "ஒரு அடிதான் இறக்கம் இருக்கும்" என்றேன் கண்ணாலேயே அளந்து. மேஸ்திரி பதில் பேசாமல் தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையைக் கதவுப் படியிலும் மறுமுனையைக் கீழேயும் பிடித்தார். மூன்று அடி!

நாம்தான் பி.காம். ஆச்சே... 12 x 8 x 3 = 288 கன அடி, அதாவது மூன்று யூனிட் மண் என்று ஆர்டர் கொடுத்துவிட்டேன். சரிவு என்பது முக்கோணம், பாதி மண்ணே போதும் என்பது லாரி போன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கும் எங்கள் தெரு ரோஜாத் தொட்டிகளுக்கெல்லாம் ஸ்பான்சர் அடியேன்தான்.

"தம்பி, சுவத்துல அஞ்சு எடத்துல பைப் துண்டு வைக்கணும். பின்னால ஜல்லி கொட்டணும். நாலாயிரம் ஆவும்" என்றார் மேஸ்திரி.

"எதுக்குங்க?"

"மண்ணு குடிக்கிற தண்ணி வெளிய போவணுமில்ல?"

காசு கொடுத்துச் சுவர் கட்டி, மேலே காசு கொடுத்து அதில் ஓட்டையா? சிவப்பு மையில் அடித்தேன்.

மூன்று வாரம் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள், "டேய், சுவர் வயிறு தள்ளுதுடா" என்றார்.

"எனக்கும்தான் தள்ளுது, விடுங்கப்பா."

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தடதடவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதிச் சுவர் கீழ்வீட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் கிடந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக் குட்டிப் பெண் பல் தேய்த்துக்கொண்டு உட்காரும் கல் அது.

2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தபோது நான் காலேஜில் இருந்தேன். தண்ணீர் தங்கிய மண் என்ன செய்யும் என்று தெரியாதவன் இல்லை. தெரிந்தும் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

கீழ்வீட்டுக்காரரிடம் கைகூப்பிவிட்டு மறுபடி மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "சொன்னேனே" என்று அவரும் சொல்லவில்லை. பக்கத்து டீ எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய கல் கட்டைக் காட்டினார். சிமென்ட்டே கிடையாது. இடுக்கிலெல்லாம் பெரணிச் செடி, கசிகிற தண்ணீர். "ஈரம் உள்ள தங்கறதில்ல தம்பி, அதான் நிக்குது."

இந்த முறை ஐந்து பைப், பின்னால் ஜல்லி, சுவர் லேசாக மேட்டுப் பக்கம் சாய்ந்து. மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுக் கட்டையால் இடித்தோம். இடித்தது நான். இரண்டு நாள் ஆபீஸில் பேனா பிடிக்க முடியவில்லை. மழைத் தண்ணீர் வழிய தளம் வெளிப்பக்கம் இரண்டு அங்குலம் சரிவு. அப்பாவுக்கு அதில்தான் குறை... காபி டம்ளர் சாய்கிறதாம்!

போன வாரம் நல்ல மழை. காலையில் குடையோடு எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அஞ்சுல நாலுதான்டா ஒழுகுது. ஓரத்து பைப்பை ஒரு குச்சி விட்டுக் குத்து."

ஆபீஸ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன்.