பல்லு கடிக்கணும்

நடவு நேரம். பவர் டில்லர் பிராக்கெட் உடைஞ்சு மூணு நாளா சும்மா நின்னுது. மகன் ஊர்ல இல்ல. ஷெட்டுல அவன் வாங்கிப் போட்ட சின்ன சிஎன்சி மில்லுல நானே இறங்கிட்டேன். இரும்பு ஆச்சே, மெதுவா ஊட்டினா கட்டருக்கு நல்லதுன்னு ஃபீடு 20, ஸ்பீடு 4000 வச்சேன். கிரீச்சுன்னு ஒரே கத்தல். கட்டர் நுனி நீலம் பாரிச்சுப் போச்சு.

போன்ல சொன்னேன். "பல்லு கடிக்கணும்ப்பா, நீங்க தேய்ச்சிருக்கீங்க"ன்னான். மைல்டு ஸ்டீலுக்கு எச்எஸ்எஸ் கட்டர்னா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 25 மீட்டர், அதாவது 25,000 மிமீ. 6 மிமீ கட்டரோட சுற்றளவு 19 மிமீ. வகுத்தா சுமார் 1300 சுத்து. நான் வச்சது மூணு மடங்கு! ஃபீடு, 4 பல்லு, பல்லுக்கு 0.03 மிமீ: 156.

அவ்வளவு வேகமா ஊட்ட கை நடுங்குச்சு. ஆனா சில்லு சில்லா உதிர்ந்தது, சத்தமும் அடங்கிச்சு. சாயங்காலம் டில்லர் வயல்ல இறங்கிடுச்சு.