பத்தமடையில் வாங்கிய பாய்

என் வீட்டில் இரண்டு குழந்தைகள். கோடை வந்தால் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில்தான் படுப்பார்கள். அவர்களுக்காக மூன்று ஆண்டுகளில் நான்கு பிளாஸ்டிக் பாய் வாங்கிவிட்டேன். மொட்டைமாடி வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் ஓரம் நைந்து, தொட்டாலே துகளாக உதிர்ந்தது. போன சித்திரையில் அந்தத் துகளைக் கூட்டி அள்ளும்போது, இது மண்ணிலும் மக்காதே என்று மனசு உறுத்தியது. அடுத்தது கோரைப்பாய்தான் என்று முடிவுசெய்தேன். நெய்கிற கையிடமே கேட்டு வாங்குவோம் என்று பத்தமடைக்குப் பஸ் ஏறினேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஊர். லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இங்கே பாய் நெசவு. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்தமடைப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நான் போன வீட்டில் தறி தரையோடு தரையாகக் கிடந்தது. நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து, மேற்கொண்டு நெய்துகொண்டிருந்தார் அறுபது வயதுள்ள ஓர் அம்மா. நீளமான குச்சியின் நுனியில் ஒரு கோரையைக் கோத்து, பாவு நூல்களுக்கு இடையே செலுத்தினார். குச்சியை உருவிக்கொண்டு அச்சுக்கட்டையால் ஓர் இடி. அடுத்த கோரை. மறுபடி ஓர் இடி. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை விரலால் மடித்துச் செருகினார். நான் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் பாய் நாலு விரற்கடைதான் வளர்ந்திருந்தது.

"கோரையப் பக்குவம் பண்ணுததுலதான் எல்லாம் இருக்கு தம்பி. நெய்யுதது அதுக்குப் பொறவுதான்" என்றார். ஆற்றோரங்களிலும் ஈரமான நிலங்களிலும் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைக்கிறார்கள். நயமான இழையால் நெய்யும் பட்டுப்பாய்க்கு அது போதாது. காய்ந்த கோரையை ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்வரை ஊறப்போட வேண்டும். ஊறினால் மூன்று பங்கு பருமனாக உப்பும். மறுபடி காயவைத்து, உள்சோற்றை நீக்கி, மேல்தோலை மட்டும் நூல்போலக் கிழிக்க வேண்டும்.

இரண்டு கீற்றுகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் வெள்ளைச் சோறு பஞ்சுபோல ஒட்டியிருந்தது. சாதாரணப் பாய்க்கு உரியது அது. மற்றது தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் துணியின் இழை என்றே சொல்லியிருப்பேன். பட்டுப்பாயின் நயத்தை 'கவுண்ட்' கணக்கில் சொல்கிறார்கள். 100 முதல் 140 வரை போகும். அப்படி ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்தே எழுதிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் படுக்க எது வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் சாதாரணப் பாயைத்தான் காட்டினார். "பட்டுப்பாய் கல்யாணத்துக்கு, சீருக்கு. பிள்ளைய புரளுத பாய்க்கு இந்தச் சோறு இருக்கணும். வேர்வைய குடிச்சுக்கிடும்லா." விலை கூடின சரக்கை என் தலையில் கட்ட அவர் நினைக்கவே இல்லை. அந்தச் சோற்றில் காற்று தங்கும் நுண்ணறைகள் இருப்பதால்தான் கோரைப்பாயில் முதுகு புழுங்குவதில்லை. பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது, வியர்வை அப்படியே உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதையும் அவரே சொன்னார். பாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரம் இறுகியிருக்க வேண்டும். சாயப் பாய் என்றால் ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கோரைக்கு ஈரம்தான் பகை. தண்ணீர் பட்டால் உடனே துடைத்து நிழலில் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். மடித்து வைத்தால் கோரை முறியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

கிளம்பும்போது, "உங்களுக்குப் பிறகு யார் நெய்வார்கள்?" என்று கேட்டேன். "மக தையல் மிஷின்ல உக்காந்துட்டா. இதுல முதுகு போயிரும், காசு கொஞ்சந்தான் வரும். அவளக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றபடி குச்சியை மறுபடி கையில் எடுத்தார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

இரண்டு பாய் வாங்கினேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. பிள்ளைகள் தினமும் அவற்றில்தான் புரள்கிறார்கள், ஓரம் இன்னும் பிரியவில்லை. இயற்கைப் பொருள் என்பதற்காக மட்டும் ஒன்றை வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும். எந்த வேலைக்கு எது என்று தெரிந்து வாங்கினால்தான் வீட்டில் புழங்கும், செய்தவருக்கும் அடுத்த வேலை வரும். அடுத்த முறை பாய் வாங்கப் போகிறவர்கள் ஒரு கோரைப்பாயை விரித்து, அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால், கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.