கெட்டிக்கும் கை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே விலகினால், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றின் துணையின்றி மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் சமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் பெருமையுடன் பொறித்துவைத்த மண்டகப்பட்டுக் குடைவரை வருகிறது. அதைக் காண வருகிற யாத்திரிகர்கள் வாயிலில் நிற்கும் துவாரபாலகர்களை வியந்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். நான் சென்றதோ, அந்தப் பாறைக்கு அப்பாலுள்ள மல்லாட்டைக் கொல்லை ஒன்றில், உலோகத்தையும் மரத்தையுமே நம்பிச் செய்த வேறொரு காவற்கருவியை, அதாவது ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கியைப் பரீட்சிப்பதைக் காணும் பொருட்டு.

துப்பாக்கி, கொல்லைக்காரரின் தகப்பனார் வைத்திருந்தது. அவர் காலமானபின் ஒப்படைக்கப்பட்டு, உரிமம் மகன் பெயருக்கு மாறும்வரை வெளிச்சம் காணாமல் கிடந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கென உண்மையாகவே வேண்டுவோர்க்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் இவ்வகைத் துப்பாக்கியைத் தனியே குறிப்பிட்டு இடமளிக்கிறது. அது போதாதென அதிகாரி கருதினால் வேறு வகை வழுக்குக்குழல் துப்பாக்கிக்கும் உரிமம் வழங்கலாம் என்கிறது. ஆனால், நெடுநாள் உபயோகமின்றிக் கிடந்த குழலின் தேகநிலை எப்படி என்பதைச் சட்டம் சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவராகத் திண்டிவனத்துப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நரிக்குறவர் பெரியவர் ஒருவர் வந்திருந்தார்.

வாக்ரிபோலி பேசும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையில் தேர்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த ஜீவனம் சுருங்கி, ஊசியும் பாசிமணியும் விற்று வாழும் நிலை வந்தது. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கக் கோரிய அவர்களுடைய நெடுநாள் விண்ணப்பத்துக்கு நாடாளுமன்றம் இசைந்தது 2022 டிசம்பரில்தான். வேட்டை போயிற்றே தவிர, துப்பாக்கியைப் பற்றிய ஞானம் பெரியவரின் விரல்களை விட்டுப் போகவில்லை. சுடுவது உரிமக்காரர், கெட்டிப்பது பெரியவர் என்று முதலிலேயே முறை வகுத்துக்கொண்டார்கள்.

அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குறிபார்க்கவில்லை. கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் இறக்கி, வாயோரத்தில் நகத்தால் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேலேயே கிடத்தி அளந்தார். கம்பி அடிவரை இறங்கியிருந்தால் உள்ளே பழைய மருந்து இல்லை. நான்கு விரல் குறைந்திருந்தால், செத்துப்போனவர் கெட்டித்த மருந்து உயிரோடு உறங்குகிறது என்று பொருள். குழல் வெறுமை என்று தெளிந்த பிறகு, எண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்தெடுத்தார். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும் இயல்புடையது. சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத குழல் நெடுநாள் நிலைப்பதில்லை. பிறகு மருந்தில்லாமல் கேப்பு ஒன்றை மட்டும் பொருத்தி, குழல்வாயை ஒரு புல்லின் நுனிக்கருகே கொண்டுசென்று, உரிமக்காரரை விசை இழுக்கச் சொன்னார். குதிரை விழுந்தது, புல் அசைந்தது. நெருப்பு செல்லும் துளை அடைபடவில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை.

"இப்பவே தோள்ல வெக்காதீங்க சாமி," என்று அவர் தடுத்தார். முதல் வெடி மனிதர் தோளில் வேண்டாமென்று துப்பாக்கியை ஒரு மரக்கட்டையோடு இறுகக் கட்டி, ஏரிக்கரை மண்மேட்டை நோக்கி நிறுத்தி, விசையில் நீண்ட கயிறு முடிந்து, எங்களை வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுக்கி, உரிமக்காரர் கையில் கயிற்றைக் கொடுத்தார். வெடித்தது, புகை கலைந்ததும் குழலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, பிளவில்லை என்று தலையசைத்தார்.

மேல்நாடுகளில் இவ்விஷயம் வேறு விதமாக நடைபெறுகிறது. பயிர்களுக்குத் தொல்லை தரும் சிறு பிராணிகளுக்கென்றே அமெரிக்காவில் தனி ரைஃபிள்கள் உண்டு. பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கியவர், வெவ்வேறு தொழிற்சாலைகளின் தோட்டாக்களைக் கொணர்ந்து, 100 கஜ தூரத்தில் ஒவ்வொன்றிலும் சில குண்டுகளைக் காகிதத்தில் சுட்டு, அவை ஓர் அங்குல வட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பார். குழலின் திருகுவரிக்கும் குண்டின் எடைக்கும் பொருத்தம் வேண்டுமாதலால், ஒரு குழலுக்கு இசைந்த தோட்டா மற்றொன்றுக்கு இசைவதில்லை. நம் நாட்டிலும் 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர், 1869இல் தோன்றிய கட்கி ஆலை போன்றதொரு இடத்தில் இயந்திரம் அளந்து அடைத்த தோட்டாவை வாங்கிப் போட்டால் போதும். நாட்டுத் துப்பாக்கிக்கோ ஒவ்வொரு வேட்டுக்கும் தோட்டா அவ்விடத்திலேயே, ஒரு மனிதரின் கையால் செய்யப்படுகிறது. அங்கே தொழிற்சாலை என்பது அந்தக் கைதான்.

கழிகளுக்கிடையே பழைய செய்தித்தாள் கட்டி, முப்பது தப்படிக்கு அப்பால் நின்று உரிமக்காரர் சுட்டார். அவர் தகப்பனார் வழக்கப்படி அளந்த மருந்து அது. முழக்கம் மலையில் மோதித் திரும்பியது, ஆனால் தாளின் நடுவே வெறுமையும் ஓரங்களில் ஓட்டைகளுமாக ஈய ரவை சிதறியிருந்தது. "மருந்து ஜாஸ்தி போட்டா சத்தம்தான் சாமி பெருசு, ரவை ஊரெல்லாம் போவும்," என்ற பெரியவர், மருந்தைச் சிறிது குறைத்து, தென்னை நாரைக் கூடுதலாக உருட்டிவைத்து, கம்பி வெளியே நிற்கும் அளவு ஒவ்வொரு முறையும் மாறாதிருக்கும்படி ஒரே அழுத்தத்தில் கெட்டித்தார். ஓட்டைகள் முறத்தளவுக்குள் வந்து நெருங்கின. குழல் மாறவில்லை, சுட்டவர் மாறவில்லை. அளவு சமப்பட்டது, அவ்வளவே.

இத்தனை பிரயாசையும் எதற்கு என்று கேட்பார் உண்டு. கொல்லையைக் கிளறும் காட்டுப்பன்றியைக் குடியானவர் சுட இயலாது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் அதைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த ஏற்பாடும் வனத்துறையினருக்கு உரியதே. ஆகவே இந்தத் துப்பாக்கியின் வேலை பெரும்பாலும் வெற்று வெடி வெடித்து விரட்டுவதுதான். அதற்கு ரவையே வேண்டாமே என்று நானும் கேட்டேன்.

"வெத்து வெடின்னாலும் குழாய் அதேதானே சாமி? என்னா மருந்து தாங்கும், எங்க போவும்னு தெரியாத துப்பாக்கிய வெச்சிக்கிட்டு ராத்திரியில ஒருத்தரு கொல்லையில நிக்கக் கூடாது. பக்கத்துக் கொல்லையிலயும் ஆள் படுத்திருப்பான்," என்றார்.

துல்லியம் என்பதைக் கொல்லும் வித்தையின் அங்கமாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அது அயலாரைக் காக்கும் கடமையாகவும் இருக்கக்கூடும் என்பதை, வேட்டையே மறுக்கப்பட்ட ஒரு வேட்டைக்காரர் அத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார். உரிமக்காரர் அன்று மாலையே அந்த மருந்தளவுக்கு ஏற்ற மூங்கிற்குழாய் ஒன்றை நறுக்கிக் கொண்டார்; தகப்பனாரின் பழைய அளவுக் குழாய் அடுப்புக்குப் போயிற்று.