முதல் பிரதி

செப்ரெம்பர் பிறந்தால் ஸ்காபரோ பஸ்களில் புதுப் புத்தகப்பைகள் ஏறிவிடும். போன கிழமை மருமகன் ரெலிபோன் எடுத்தான். நாட்டிலிருந்து வந்து இரண்டு வருசம். இப்போதுதான் கொலிஜில் காலடி வைத்திருக்கிறான்.

"மாமா, ஆங்கில எழுத்து வகுப்பு கட்டாயமாம். முதல் நாளே உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது எண்டு விட்டிட்டினம். என்ன எழுதுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. 2006 செப்ரெம்பரில் என்னிடமும் அதே ஒரு பக்கத்தைத்தான் கேட்டார்கள்.

அது இரவு வகுப்பு. பகல் முழுக்க ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டுப் போய்க் கடைசி வாங்கில் குந்தினேன். ரீச்சர் வயசான மனிசி. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டா. என்னுடைய பெயரை மூன்று தரம் பிழையாகச் சொல்லி, நாலாம் தரம் சரியாகச் சொன்னா. பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னா: "வாருங்கள். பிழை விடலாம். அடுத்த கிழமை திருத்தலாம். அதற்கடுத்த கிழமை முழுவதையும் மாற்றியும் எழுதலாம்."

எனக்குக் கை ஓடவில்லை. என்னைப் பற்றி நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருந்தேன். 2003இல் வந்திறங்கியபோது தந்த அகதிப் படிவம். 28 நாளுக்குள் கொடுக்கவேண்டும். (2012 டிசெம்பரில் அந்தப் படிவத்தை நிற்பாட்டி வேறொன்று கொண்டுவந்தார்கள்.) எந்தத் திகதி, எந்த முகாம், எத்தனை நாள், எல்லாம் அதில் இருக்கவேண்டும். பிறகு திருத்தம் கொடுக்கலாம். ஆனால், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். விசாரணையில் ஒரு திகதி மாறினாலும் முரண்பாடு. ரியூட்டரியில் பசுமாட்டுக் கட்டுரையைப் பாடமாக்கின மாதிரி, என்னுடைய சீவியத்தையே பாடமாக்கி வைத்திருந்தேன்.

அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. எப்படியோ ஒரு வரி கூடுதலாக விழுந்துவிட்டது: நாய் சந்திவரை வந்தது.

தாள் திரும்பி வந்தது. இலக்கணப் பிழை ஒன்றையும் தொடவில்லை. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "பிறகு?" என்று மட்டும் எழுதியிருந்தா.

படிவத்தில் நாய்க்கு இடமில்லை. ஒருவரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. இரண்டாம் பிரதியில் நாயை எழுதினேன். மூன்றாம் பிரதி எழுதும்போதுதான் தெரிந்தது, அதன் நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது. கறுப்பா, மண்ணிறமா? கனக்க நேரம் யோசித்துவிட்டு, "நிறம் ஞாபகமில்லை" என்றே எழுதினேன். கனடா வந்து மூன்று வருசத்தில், பயமில்லாமல் "ஞாபகமில்லை" என்று எழுதியது அன்றைக்குத்தான்.

மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவன் விடவில்லை. "எனக்கு இங்கிலிஸ் காணாது மாமா. சற்ஜிபிரி ஒரு நிமிசத்தில எழுதித் தருமே!"

இந்த வகுப்பு அகதிக்கும் குடிவரவாளருக்கும் தொடங்கினதில்லை என்று சொன்னேன். 1874இல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பெடியள் கனபேர் தவறினார்கள். 1885இல் அதை முதல் வருசத்துப் பெடியளுக்கே கட்டாயமாக்கினார்கள். எழுதத் தெரியாமல் வந்து குந்துகிறவர்களுக்கென்றே உண்டான வகுப்பு. அங்கே போய்ப் பிழையில்லாத தாளைக் கொடுத்து என்ன பயன்? அந்த இயந்திரம் நல்ல ஆங்கிலம் எழுதும். உன்ரை சந்தியில் ஆர் நின்றது என்று அதுக்குத் தெரியாது.

நேற்று ஒரு பக்கம் அனுப்பியிருந்தான். அம்மம்மாவின்ரை தையல் மெசினைப் பற்றி. எழுத்துப் பிழை கனக்க. நான் ஒன்றையும் திருத்தவில்லை. "பிறகு?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.