டார்ச்சுக்குத் தெரியாத மருந்து

கோடை விடுமுறைக்குக் குன்னூர் வந்த பேத்தி, ஆன்லைனில் வாங்கிய யு.வி. டார்ச்சைத் தாத்தா பறித்து வைத்திருந்த பிளம்ஸ் மேல் அடித்துப் பார்த்தாள். எதுவும் மின்னவில்லை.

"மருந்தே இல்ல தாத்தா, சாப்பிடலாம்!"

தாத்தா ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். தலையாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போன மாதம் பீன்ஸ் இலையில் புள்ளி விழுந்ததும் கார்பென்டாசிம் அடித்தவர் அவரேதான். பீன்ஸ் பாத்திக்குக் கீழே பிளம்ஸ் மரம். அதற்கும் கீழே, வீட்டுக்குத் தண்ணீர் தரும் ஊற்று.

கடையிலிருந்து டானிக் வாட்டர் வாங்கிவரச் சொன்னார். அதுதான், அந்தக் கசப்பு சோடா. இருட்டறையில் டார்ச் அடித்ததும் பாட்டில் நீலமாக ஒளிர்ந்தது.

"ஐயோ, இதுலயா மருந்து?"

"குயினைன்மா. ஒரு காலத்துல நம்ம நடுவட்டத்துலயே காய்ச்சினாங்க."

1860களில் மலேரியாவுக்காக நீலகிரியில் சிங்கோனா மரம் வைத்தார்கள். அதன் பட்டையில் கிடைப்பதுதான் குயினைன். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி அது நீல ஒளியாகத் தருவதை 1852ல் விளக்கியவர் ஸ்டோக்ஸ். இன்றும் ஒளிர்வை அளக்கக் குயினைன் ஒரு அளவுகோல்.

கார்பென்டாசிமும் ஒளிரும். ஆனால் அது விடும் ஒளியே புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது. அதைத் தூண்டவும் இந்த டார்ச் போதாது, ஆய்வகக் கருவி வேண்டும். யூரோப்பியம் சேர்ந்த, சிவப்பாக ஒளிரும் பொருள்களையும் ஆராய்ச்சியாளர்கள் செய்கிறார்கள். பூஞ்சைக்கொல்லி வந்து ஒட்டினால் அந்தச் சிவப்பு கூடும் அல்லது மங்கும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து எவ்வளவு மருந்து என்று கணக்கிடலாம். 2012ல் ஆரஞ்சு ஜூஸில் இதே மருந்தைத் தேடிய அமெரிக்கா, லிட்டருக்கு ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே சரக்கை நிறுத்தியது. அந்த அளவைக் கண்ணால் பிடிக்க முடியுமா?

"கழுவினா போயிடுமா தாத்தா?"

"மேல ஒட்டினது கொஞ்சம் போகும். இது செடிக்குள்ளயே இறங்குற மருந்து."

சற்று நேரம் கழித்துத்தான் அடுத்ததைச் சொன்னார். "அடிச்சது நான்தான்மா."

பேத்தி டார்ச்சை அணைத்தாள். "அந்தத் தண்ணியத்தான தாத்தா நாம குடிக்கிறோம்?"

மறுநாள் காலை கோயம்புத்தூர் பஸ்ஸில் தாத்தா மடியில் ஒரு பை. அதில் ஒரு பாட்டில் ஊற்றுத் தண்ணீர், ஒரு கிலோ பிளம்ஸ். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தார். ரிசல்ட் வரும்வரை வீட்டில் கேன் தண்ணீர்தான்.